இரண்டு நொடி

மரோன்யாஸ் ஓடுதளத்தின் வேலியோரம்
முப்பத்தோரு ஆண்டு நின்றவன் நான்.
இடக்கையில் மாத்தே குவளை, வலக்கையில் நிறுத்துகடிகாரம்.
குதிரைகளின் முகம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.
பனிக்குள்ளிருந்து மூச்சிரைப்பு வரும்,
கம்பத்தைக் கடக்கும்,
கட்டைவிரல் அழுத்தும், எழுதிக்கொள்வேன்.
மொந்தேவிதேயோவில் பந்தயம் கட்டுகிறவர்கள்
காலை ரொட்டியோடு வாங்கிப் படித்தது
என் நோட்டுப் புத்தகத்தைத்தான்.

அவளுடைய முதல் பந்தயத்தில் எல்லோரும் சிரித்தோம்.
கதவு திறந்து மற்ற ஒன்பதும் பறந்த பிறகும்
கூண்டுக்குள்ளேயே நின்றாள்,
யாரோ வருவதாகச் சொல்லியிருந்ததைப் போல.
கூட்டம் கத்தியது. காதுமடல் அசையவில்லை.
அன்று விழுந்த பெயர்: லா சோர்தா. செவிடி.
பதிவேட்டில் இருந்த பெயர்
உரிமையாளருக்கே மறந்துபோயிற்று.

காதெல்லாம் நன்றாகவே கேட்டது.
லாயம் கூட்டும் நெலிதா கேரட்டை முறித்தால்
நாற்பது அடி தள்ளி நின்றாலும் திரும்புவாள்.
வேண்டாதது எங்கள் சத்தம் மட்டும்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஜூலைக் குளிரில்,
வாஷிங்டன் ஒலாசாவால் அவளை ஆயிரம் மீட்டர் விட்டான்.
குளம்பொலி வரும் முன்பே
அவள் வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.
ஐம்பத்தைந்து நொடி, மேலே ஐந்தில் இரண்டு.
கடிகாரத்தை உதறினேன். காதில் வைத்துப் பார்த்தேன்.
முள் அங்கேயே நின்றது.

தோன் அமில்கர் பின்னாலிருந்து தோளைத் தொட்டார்.
உறை தடிமனாக இருந்தது.
"இரண்டு நொடி கூட்டிப் போடு, யாருக்கு என்ன நஷ்டம்?"
வீட்டுக் கூரை ஒழுகியது என்று சொல்லலாம்.
ஒழுகவில்லை. பணம் பிடித்திருந்தது.
ஐம்பத்தேழு என்று எழுதினேன்.
இறங்கி வந்த ஒலாசாவால் நோட்டை எட்டிப் பார்த்தான்;
காற்றில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.
அதன்பின் ஆறு ஆண்டு, சிகரெட்டுக்கு
என்னிடம் நெருப்புக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு இருபத்தெட்டு கொடுத்தாள்.
பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.
பதினேழு ஓட்டத்தில் பதினான்கு வெற்றி;
ஒலாசாவாலின் சவுக்கு நான்காவது பந்தயத்திலிருந்து
ஆணியிலேயே தொங்கியது.
மூன்று அரசர் திருநாளில்
ஒட்டகங்களுக்குப் புல்லும் தண்ணீரும் வைக்கும் பிள்ளைகள்
அந்த ஜனவரி ஆறாம் தேதி, மைதானத்தை ஒட்டிய தெருக்களில்,
புல் செவிடிக்கு என்றார்கள்.
அன்று பிற்பகல் அவள் ஐந்து உடல்நீளம் முன்னால் வந்தபோது
தொப்பிகள் பறந்தன, ஒரு பல்செட்டும் பறந்தது.
நான் கைதட்டவில்லை.
இவள் இதைவிட வேகம் என்று யாரிடம் சொல்வது?

கடைசி ஓட்டத்தில் அர்ஜென்டினக் குதிரை ஒன்று
ஒரு மூக்கு நீளத்தில் முந்தியது.
மறுநாள் காலை முன்னங்கால் வீங்கியிருந்தது.
இப்போது துராஸ்னோ பக்கம் மேய்கிறாள்.
நான்கு குட்டி. எதற்கும் அவசரமே இல்லை.
நெலிதா வேலையை விட்டு அங்கேயே போய்விட்டாள்.

வானொலிக்காரப் பையன் ஒருவன் வந்தான்.
"அவளுடைய சிறந்த ஓட்டம் எது, தாத்தா?"
அரசர் திருநாள் என்றேன்.
அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

விரலை இரண்டு முறை சொடுக்கிப் பாருங்கள்.
அவ்வளவுதான் நான் விற்றது.
அந்த வேகத்துக்கு அது முப்பத்தைந்து மீட்டர்.
அவள் கம்பத்தைத் தாண்டி,
வேகம் குறைத்து, மூக்கால் புகைவிட்டு,
கேரட்டைத் தேடிக் கழுத்தைத் திருப்பிவிட்டாள்.
என் நோட்டில் மட்டும்
இன்னும் வந்துகொண்டிருக்கிறாள்,
பனிக்குள், முப்பத்தைந்து மீட்டர் பின்னால்.
என் கட்டைவிரலோ
அழுத்தாமல் காத்திருக்கிறது.